கம் ஒட்டலையாம், உடனே வரணுமாம்

கம் விற்கிறவனுக்கு நல்ல சேதி சொல்ல இந்த உலகத்தில் யாரும் போன் செய்வதில்லை.

"ஒட்டுது அண்ணே, ரொம்ப நல்லா ஒட்டுது, சும்மா சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்" என்று ஒரு குரலைக் கேட்க நானும் எத்தனையோ வருஷமாகக் காத்திருக்கிறேன். வருவதெல்லாம் ஒரே சேதிதான். ஒட்டலை, உடனே வா. ஏர்கோன் பார்க்கிறவர்கள், லிப்ட் பார்க்கிறவர்கள், போட்டோஸ்டாட் மெஷினுக்குள் தலையை விட்டு வாழ்கிறவர்கள், சட்டைப் பையில் 'சர்வீஸ்' என்று தைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிற அத்தனை பேருக்கும் இது புரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், குற்றமில்லை.

நான் இருப்பது மலேசியாவில்; ஆபீஸ் பூச்சோங்கில், வீடு பிரிக்பீல்ட்ஸில், வாழ்க்கை பெடரல் ஹைவேயில். நான் விற்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட்டிலில் வாங்குகிற கம் இல்லை. இது ஜவ்வரிசி மாதிரி மணி மணியாகச் சாக்கில் வரும். மெஷின் தொட்டியில் கொட்டினால் உருகும். சூடான ஹோஸ் வழியாக ஓடி, நுனியில் பீச்சி, அட்டைப்பெட்டியின் மடிப்பில் கோடு போடும். போட்ட கையோடு மடிப்பை அமுக்கிவிட வேண்டும். இரண்டு மூச்சு விடுவதற்குள் ஆறி இறுகிவிடும். சூடு இருக்கும்போது அமுக்கினால் பிடிக்கும், ஆறின பிறகு அமுக்கினால் பிடிக்காது. இவ்வளவுதான் மொத்த சாஸ்திரமும். அந்த இரண்டு மூச்சுக்குள் மனிதர்கள் என்னென்ன வேலை காட்டுகிறார்கள் என்பதை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

போன தீபாவளிக்கு முன்னால் கிள்ளானில் ஒரே ஒரு மெஷினோடு நான் பட்ட பாட்டை மட்டும் இங்கே சொல்கிறேன். மற்றதையெல்லாம் சொன்னால் நீங்களும் அழுவீர்கள்.

காலில் விழுந்த ரொட்டி

புஷ்பா அக்காவுக்குக் கிள்ளானில் ஒரு சின்னத் தொழிற்சாலை. ஐஸ் ரொட்டி சானாய் செய்கிறார், உறைய வைத்த பரோட்டா. வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்து, வேண்டும்போது கல்லில் போட்டுக்கொள்ளலாம். மாவு பிசைந்து வீச நாலைந்து பெண்கள், பேக்கிங்குக்கு லெட்சுமி, மெஷினுக்கு வங்காளதேசத்து ரஹீம். அதற்கு முன்னால் அக்கா பாசார் மாலத்தில், அதுதான் ராத்திரிச் சந்தையில், பல வருஷம் கல் போட்டு ரொட்டி விற்றவர். கையைப் பார்த்தாலே தெரியும், முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்பு.

அவருக்கு ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டின் ஆர்டர் கிடைத்தது. டேப் ஒட்டின பெட்டி வேண்டாம், மெஷினில் கம் போட்டு மூடின பெட்டிதான் வேண்டும் என்றார்கள். அக்காவும் மூடிப்போன ஒரு பிஸ்கட் தொழிற்சாலையிலிருந்து பழைய மெஷினை வாங்கிப் போட்டார். கம் என்னுடையது, ஐஸ் ரூமுக்கென்றே உள்ள ரகம். முதல் சரக்கு போனது. சூப்பர்மார்க்கெட்டின் ஸ்டோர்க்காரர் ஒரு பெட்டியைத் தூக்க, அடிப்பக்கம் வாயைப் பிளந்து, ரொட்டி முழுக்க அவர் காலில் விழுந்தது. அடுத்து அக்காவும் போய் அதே காலில் விழ வேண்டியதாகிவிட்டது. இரண்டாவது சரக்கிலும் அதே கூத்து. தீபாவளிச் சரக்குதான் கடைசி, அதுவும் திறந்துகொண்டால் ஆர்டரே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் போனபோது அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன், பழக்கம்தானே. ஒரு கோப்பி கொடுத்து உட்கார வைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"கை வெந்து, மழையில நனைஞ்சு, பாசார் மாலத்துல நின்னு நின்னு இப்பதான் தம்பி ஒரு கூரைக்குக் கீழ வந்திருக்கேன். என்னை மறுபடியும் ரோட்டுக்கு அனுப்பிடாதீங்க."

நிறைய ஊத்தினா நிறைய ஒட்டும்

முதல் நாள் மெஷினைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. மடிப்பில் மெல்லிசாக ஒரு கோடு போட வேண்டிய இடத்தில், தோசைக்கு நெய் ஊற்றுகிற மாதிரி கம் வழிந்துகொண்டிருந்தது. சூட்டையும் மேலே ஏற்றிவிட்டிருந்தார்கள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் கம் தேன் நிறம் போய்ச் சீனிப்பாகு கருகின நிறத்துக்கு வந்திருந்தது. புகை வேறு. யார் ஏற்றியது என்றேன். ரஹீம் அக்காவைப் பார்த்தான், லெட்சுமி அக்காவைப் பார்த்தாள், அக்கா என்னைப் பார்த்தார்.

"ஒட்டலைன்னா கூடப் போடறதுதானே" என்றார் அக்கா. அங்கேதான் விஷயம் இருக்கிறது, அக்கா. தடிமனாகப் போட்டால் ஆறுவதற்கு நேரமாகும். மெஷின் அமுக்கி முடித்துப் பெட்டியை வெளியே தள்ளும்போது உள்ளே இன்னும் களியாகத்தான் இருக்கும். மடிப்போ நிமிரத் துடித்துக்கொண்டிருக்கும். மெஷின் கையை எடுத்ததும் அது மெதுவாக எழுந்துவிடும். இப்படியெல்லாம் விளக்கிவிட்டு, அளவைப் பாதியாகக் குறைத்து, சூட்டையும் இறக்கினேன். பெட்டிகள் முன்னைவிட ஒழுங்காக மூடின. அக்கா நம்பவில்லை. குறைந்த அளவைப் பார்த்தார், என் சட்டையில் இருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்தார், பிறகு மிகவும் பரிதாபமாகக் கேட்டார்.

"உங்க சாமானைக் கூடப் போடறேன்னு நான் சொல்றேன், வேணாம்னு நீங்க சொல்றீங்க. உங்களுக்கு வியாபாரம் பண்ணத் தெரியுமா தம்பி?"

ரோட் பிளாக்கில் ஜவ்வரிசி

அடுத்த வாரம் புதுக் கம் ஒரு சாக்கு எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போகிற வழியில் போலீஸ் ரோட் பிளாக். கதவைத் திறக்கச் சொன்னார்கள். பின்னால் வாய் கட்டின சாக்கு. பிரித்தால் வெள்ளை வெள்ளையாக மணிகள். போலீஸ்காரர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்ததே, பதவி உயர்வு கண்ணுக்கு முன்னால் வந்து நின்ற பிரகாசம்.

நான் மலாயில் சொன்னேன், இது கம் என்று. அவர் ஒரு மணியை எடுத்து நசுக்கினார், நசுங்கவில்லை. முகர்ந்தார், வாசனை இல்லை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் பார்த்தார், ஒட்டவே இல்லை. உருக்கினால்தான் ஒட்டும் என்று சொல்லி, பேப்பர், பில், என் கம்பெனி அட்டை எல்லாவற்றையும் காட்டினேன். இன்னொருவரைக் கூப்பிட்டார், அவரும் அமுக்கினார். கடைசியில் விட்டுவிட்டார்கள். ஆனால் போகும்போது அந்தப் போலீஸ்காரர் சொன்னதுதான் மனசில் தைத்துவிட்டது. வாங்குகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், இவருமா?

"கம்முன்னு சொல்றே, கையிலயே ஒட்டலை. இதை வாங்கறவங்க உன்னை ஏசறது இல்லையா?"

மெஷினுக்குப் பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையிலேயே போன். "தம்பி, இப்பக் கம்மே வரலை!"

அடித்துப் பிடித்துப் போனேன். மெஷின் ஓடுகிறது, பெட்டிகள் வரிசையாகப் போகின்றன, ஒன்றிலும் ஒரு சொட்டுக் கம் இல்லை. மறுபக்கம் வந்ததும் எல்லாம் தாமரை மாதிரி விரிந்துகொள்கின்றன. தொட்டியில் சூடு சரி, ஹோஸ் சரி, நுனி சரி. பூஜை என்னவோ பிரமாதமாக நடந்திருந்தது. மெஷினுக்கு மாலை, மாவிலை, எலுமிச்சம்பழம், எங்கே பார்த்தாலும் சந்தனம், குங்குமம். என் தொழிலில் இத்தனை மரியாதை கிடைத்த மெஷினை நான் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டே வந்தவன் பெட்டி நுழைகிற இடத்தில் நின்றுவிட்டேன்.

அங்கே ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. பெட்டி வருகிறதா என்று பார்த்து, வந்ததும் கம்மைப் பீச்சச் சொல்வது அதுதான். மெஷினுக்குக் கண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணின் மேல் கட்டை விரல் அகலத்துக்குக் கெட்டிச் சந்தனம், நடுவில் குங்குமம். மெஷின் பாவம், தன் முன்னால் ஒரே பெட்டி நேற்றிலிருந்து நகராமல் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது.

துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். "ஐயையோ, பூஜை போட்ட பொட்டை அழிக்கக் கூடாது" என்று நாலு பெண்கள் மாவுக் கையோடு ஓடி வந்துவிட்டார்கள். பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில், அழிக்காமல், பொட்டை அப்படியே ஒரு விரற்கடை மேலே நகர்த்துவது என்று முடிவானது. நகர்த்தினோம். கம் பாய்ந்தது. பொட்டு வைத்தது யார் என்று கேட்டேன், சும்மா கேலிக்குத்தான். லெட்சுமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"நான் நெத்தியிலதான் வெச்சேன் அண்ணே. இந்த மெஷினுக்கு நெத்தியில கண்ணு இருந்தா நான் என்ன பண்றது?"

மிஸ்டர் டான் கற்றுக்கொடுத்த மந்திரம்

என் பாஸ் மிஸ்டர் டான். கம் தொழிலில் ஊறினவர். கிள்ளானுக்கே ஓடிக்கொண்டிருக்கிறாயே, மற்ற கஸ்டமரையெல்லாம் யார் பார்ப்பது என்று ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். கம் அளவு, சூடு, பொட்டு. அந்த அக்காவின் ஆர்டர் போனால் என்னால் தூங்க முடியாது பாஸ் என்பதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சரி, தீபாவளிச் சரக்கு போகிற வரைக்கும் போய்ப் பார் என்றார்.

ஆனால் ஒரு கண்டிஷன். கஸ்டமரிடம் ஒருபோதும் 'உங்கள் தப்பு' என்று சொல்லக் கூடாதாம். அப்படியானால் என்ன சொல்வது பாஸ் என்றேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பெரிய ரகசியத்தை உடைப்பதுபோல் சொன்னார்.

"வெதர்னு சொல்லு லா குணா. மலேசியா வெதர் என்ன, திருப்பி கம்ப்ளைனா பண்ணப்போகுது?"

ரஹீமின் காத்தாடி

அளவு சரி, சூடு சரி, கண் சரி. இருந்தும் தினமும் கொஞ்சம் பெட்டிகளை எடுத்து ஐஸ் ரூமில் வைத்து மறுநாள் பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. அக்கா தினமும் காலையில் முதல் வேலையாகப் போய் எண்ணுவார். எண்ணிக்கையை ஓர் அட்டைத் துண்டில் எழுதி மெஷின் மேல் வைத்துவிடுவார்.

ஒரு மத்தியானம் மெஷின் பக்கத்தில் சும்மா நின்றேன். ஜிலுஜிலுவென்று காற்று. அப்போதுதான் உறைத்தது. கிள்ளான் மத்தியான வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, உருகின கம் தொட்டிக்குப் பக்கத்தில் எங்கிருந்து ஐயா ஜிலுஜிலு? திரும்பினால் ரஹீமுக்குப் பின்னால் ஆள் உயரத்தில் ஒரு ஸ்டாண்டு காத்தாடி. அவன் முதுகைத் தாண்டி வருகிற காற்று நேராகப் பெட்டி மடிப்பின் மேல் அடிக்கிறது. கம் கோடு போட்டு, மடிப்பு வந்து மூடுவதற்குள்ளேயே கம்மின் மேல்பக்கம் ஏடு கட்டிவிடுகிறது. பால் ஆறினால் ஆடை படியுமே, அதே கதைதான். மேலே ஆடை படிந்த கம் எதையும் பிடிக்காது.

காத்தாடியை அணைத்தேன். ரஹீமின் சட்டை நனைந்துகொண்டே வந்தது. லெட்சுமி என்னை முறைத்த முறைப்பில் நானே மறுபடி போட்டுவிடலாமா என்று நினைத்தேன். பிறகு காத்தாடியை எதிர்ப்பக்கம் கொண்டுபோய், காற்று அவன் மேல் பட்டுக் கதவு வழியாக வெளியே போகிற மாதிரி திருப்பி வைத்தோம். அதுவரைக்கும் பொறுமையாக நின்ற ரஹீம், எங்களிடம் வந்து கற்றுக்கொண்ட தமிழில், மிகவும் மரியாதையாகத்தான் கேட்டான்.

"பாஸ், கம்முக்குச் சூடு வேணும், சரி. எனக்கும் எதுக்கு?"

காலையில் மூடின பெட்டிகள்

காத்தாடியைத் திருப்பின பிறகு பெரும்பாலும் சரியாகிவிட்டது. பெரும்பாலும் என்பது எங்கள் தொழிலில் கெட்ட வார்த்தை. நூறு பெட்டியில் ஒன்று திறந்தாலும் அது ஸ்டோர்க்காரர் காலில்தான் விழும், அவர் ராசி அப்படி. அக்காவுக்கு முகமே சுருங்கிவிட்டது. "வேணாம் தம்பி, மெஷினை வித்துடறேன். பழைய கல்லு இன்னும் வீட்டுலதான் இருக்கு" என்றார். அன்று உண்மையிலேயே எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, அந்தப் பெட்டிகள் மேல்.

திறந்த பெட்டிகளை மட்டும் தனியாக அடுக்கிப் பார்த்தேன். பெட்டியின் பக்கவாட்டில் எந்த நேரம் பேக் பண்ணினது என்று அச்சாகியிருக்கும். எல்லாமே காலையில் மூடினவை. மத்தியானப் பெட்டி ஒன்றுகூட இல்லை. காலையில் அப்படி என்ன நடக்கிறது? நான் எப்போதும் நெரிசலில் மாட்டிக்கொண்டு பத்து மணிக்கு மேல்தான் போய்ச் சேர்வேன். அதனால் மறுநாள், பால்காரன்போல விடியலிலேயே கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் கம் தொட்டியின் மூடி மேல் வரிசையாக நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள்! ஆளுக்கொன்று. வாழை இலை, பழுப்புப் பேப்பர், ரப்பர் பேண்டு. தொட்டி எந்த நேரமும் சூடாக இருக்குமா, மூடி இதமாக இருக்குமா, சாப்பாடு ஆறாமல் இருக்குமா. நல்ல யோசனைதான், யார் இல்லையென்றது. ஆனால் மெஷின் பழசு. மூடி ஒரு பக்கம் நெளிந்திருந்தது. பொட்டலத்திலிருந்து கசிந்த மிளகாய்ச் சம்பல் எண்ணெய் அந்த நெளிசல் வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். கம் தொட்டிக்குள்ளிருந்து நெத்திலிச் சம்பல் வாசனை வந்தது. என் சர்வீஸில் இப்படி ஒரு வாசனையை நான் சந்தித்ததே இல்லை. எண்ணெய் கலந்த கம், போடும்போது பிடித்த மாதிரி நடிக்கும், ஐஸ் ரூமில் வைத்ததும் கையை விட்டுவிடும். மத்தியானத்துக்குள் புதுக் கம் கொட்டக் கொட்ட எண்ணெய் குறைந்து எல்லாம் சரியாகிவிடும். அதனால்தான் மத்தியானப் பெட்டிகள் தப்பித்தன.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். போன வாரம் எனக்காக எடுத்து வைத்திருந்த பொட்டலத்தைப் பத்து மணிக்குப் பிரித்து, "அட, இன்னும் இவ்வளவு சூடா இருக்கே" என்று பாராட்டி, விரலைக்கூட நக்கினவன் நான்தான் என்பது ஞாபகம் வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். யார் இந்த யோசனையைச் சொன்னது என்று மட்டும் கேட்டேன். லெட்சுமி கண்ணாலேயே அக்காவைக் காட்டினாள். மிஸ்டர் டானின் மந்திரப்படி 'வெதர்' என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதற்குள் அக்காவுக்கே புரிந்துவிட்டது. தொட்டியையும் பொட்டலங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விடியக் காத்தாலே பஸ் ஏறி வர்றதுங்க, ஆறிப்போனதைத் தின்ன வேணாம்னு நான்தான் வைக்கச் சொன்னேன். அது தப்பா தம்பி?"

கிழிந்தது

அன்று முழுக்கத் தொட்டியைக் காலி செய்து சுத்தம் பண்ணினோம். கொதிக்கிற கம்மை வடித்து, சுரண்டி, புதுக் கம் போட்டு, அதையும் வடித்து, மறுபடி போட்டு. என் கை மயிரெல்லாம் கம்மோடு போனது. சாப்பாட்டுக்கென்று அக்கா தனியாக ஒரு பெரிய ரைஸ் குக்கர் வாங்கி வைத்துவிட்டார். பிறகு ராத்திரி பகல் பார்க்காமல் தீபாவளிச் சரக்கு ஓடியது. சரக்கு லோரி ஏறுவதற்கு முன்னால் சூப்பர்மார்க்கெட்டிலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள், அவர்கள் சரி என்றால்தான் வண்டி நகரும் என்று போன் வந்தது.

வந்தது மிஸ் வோங் என்ற ஓர் இளம்பெண். சிரிப்பு என்பதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு ஐஸ் ரூமுக்குள் போய், தானே பொறுக்கி எடுத்து, பெட்டிகளை வெளியே அடுக்கச் சொன்னார். எல்லாம் காலையில் மூடின பெட்டிகள். யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அக்கா என் பக்கத்தில் நின்றார். உதடு மட்டும் அசைந்தது, முருகா, முருகா. மாவு வீசுகிற பெண்கள் வீசுவதை நிறுத்திவிட்டார்கள். ரஹீம் காத்தாடியை அணைத்துவிட்டான், தானாகவே.

மிஸ் வோங் முதல் பெட்டியின் மடிப்பைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். டர்ரென்று ஒரு சத்தம். அட்டை நாராக உரிந்து அவர் கையோடு வந்துவிட்டது.

"கிழிஞ்சி போச்சி!" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நகம் உள்ளே போய்விட்டது. அதே நேரத்தில் நானும் "கிழிஞ்சி போச்சி!" என்று கத்தினேன், குதித்தேன். எல்லோரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அக்காவின் குடி முழுகிக்கொண்டிருக்கிறது, இவன் ஆடுகிறான். எங்கள் தொழிலில் பெட்டி சுத்தமாக, கீறல் இல்லாமல் திறந்துகொண்டால்தான் அவமானம். கம் விட்டுக்கொடுக்காமல் அட்டை விட்டுக்கொடுத்துக் கிழிந்தால், அதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. ஆனால் இதை அக்காவுக்கு எடுத்துச் சொல்ல எனக்கு மூச்சு வரவில்லை. மிஸ் வோங் அடுத்த பெட்டியை இழுத்தார். டர். அதற்கடுத்தது. டர். ஒவ்வொரு டர்ருக்கும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் மிஸ் வோங் கையில் ஒட்டின நாரைத் தட்டிவிட்டு, எந்த முகபாவமும் இல்லாமல், "ஓகே. லோட் பண்ணலாம்" என்றார்.

யாரும் நகரவில்லை. அவர் மறுபடி சொன்னார், லோட் பண்ணலாம். அதற்குப் பிறகுதான் லெட்சுமி ஓ என்று கத்தினாள். ரஹீம் ஓடிப்போய் லோரிக் கதவைத் திறந்தான். அக்கா ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நன்றாகவே அழுதார். சரியாக இருந்த ஹோஸை நான் தேவையே இல்லாமல் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

லோரி போன பிறகு அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு ரொட்டி எடுத்துப்போங்க தம்பி என்று ஒரு பெட்டியை இழுத்து முன்னால் வைத்தார். நகத்தால் நெம்பினார், வரவில்லை. கரண்டிக் காம்பை விட்டுப் பார்த்தார், காம்பு வளைந்தது. லெட்சுமி ஒரு பக்கம் பிடிக்க, ரஹீம் மறுபக்கம் பிடிக்க, அக்கா கத்தியைத் தேடிக்கொண்டு போனவர் பாதியில் திரும்பி நின்று என்னைப் பார்த்தார்.

"இத்தனை நாளா தொறக்காதேன்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப தொறடான்னு கும்பிட வெச்சிட்டீங்களே தம்பி!"

ஒட்டாவிட்டால் ஏச்சு, ஒட்டினால் முறைப்பு, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எனக்குச் சம்பளம் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், அன்று சாயங்கால நெரிசலில் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் கேவலமான குரலில் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.